வீடு அவளுடையது, வெளியேறுவதும் அவளா?

கிழக்கு மாகாணத்தில் மகளுக்கு ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் செய்து வைக்கிறோம். தமிழர், முஸ்லிம்கள் என இரு சாராரிடமும் இன்றுவரை நிலைத்திருக்கும் வழக்கம் இது. பெரும்பாலும் வீட்டு உறுதிப்பத்திரம் அவள் பெயரில் இருக்கும், குடிவருபவர் மாப்பிள்ளைதான். அப்படியிருந்தும், அவரது அடி தாங்காமல் நடுச்சாமத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படலையைத் திறந்து ஓடுபவள் அவளாகவே இருக்கிறாள்.

திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையிலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள். முதல் தடவை எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தபோது, அம்மா தேநீர் கொடுத்து, "அவரும் வேலையால் களைச்சு வாறவர்தானே, பொறுத்துப் போ பிள்ளை" என்று சொல்லி விடிந்ததும் திருப்பி அனுப்பினார். நானும் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்றாம் தடவை அவள் பொலிஸுக்குப் போனாள். அங்கே இருவரையும் இருத்திப் புத்திமதி சொல்லி, ஒன்றாகவே வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அவளுடைய ஏழு வயது மகன், மோட்டார் சைக்கிள் சத்தம் படலையடியில் நின்றதும் புத்தகத்தை மூடிவிட்டு அறைக்குள் போய்விடுகிறான்.

குடிதான் காரணம் என்கிறார்கள். குடித்தவர் தவறணையில் எவரையும் அடிப்பதில்லை. வழியில் கோயில் தலைவரைக் கண்டால் ஒதுங்கி நின்று வணக்கமும் சொல்கிறார். தன் வீட்டுப் படலையைத் தாண்டிய பின்னர்தான் அவருக்குக் கை நீளுகிறது.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நாடளாவிய ரீதியில் நடத்திய ஆய்வின்படி, கணவனுடனோ துணையுடனோ வாழ்ந்த பெண்களில் 20.4 சதவீதமானோர் வாழ்நாளில் ஒரு தடவையாவது அவரால் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளாகியிருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் இருபது வீடுகள் இருக்கின்றன. அந்தக் கணக்கு எனக்கு மிகையாகத் தெரியவில்லை.

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி நம்மில் பலர் அறிந்திருப்பதில்லை. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அடி மட்டுமல்ல, கடுமையான மனரீதியான கொடுமையும் இச்சட்டத்தினுள் அடங்கும். முதலில் இடைக்காலக் கட்டளையும், விசாரணைக்குப் பின் 12 மாதங்கள் வரைக்குமான பாதுகாப்புக் கட்டளையும் பெறமுடியும். அக்கட்டளை மூலம் அடித்தவரை அந்த வீட்டுக்குள் நுழையாதபடி நீதிமன்றம் தடுக்கலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். அதாவது, வெளியே போகவேண்டியவர் யார் என்பதில் சட்டத்துக்கு இருக்கும் தெளிவு, பொறுத்துப் போகச் சொல்லும் எங்களுக்குத்தான் இல்லை.

போன கிழமை அவளுடைய தாயார் வந்து, நீதிமன்றத்துக்கு வீட்டு உறுதியையும் கொண்டுபோக வேண்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வீடு யார் பெயரில் இருந்தாலும் அவள் குடியிருக்கும் வீடு என்றால் கட்டளை கேட்கலாம் என்று சொல்லி, பெண்களுக்கான 1938 என்ற உதவி இலக்கத்தையும் எழுதிக் கொடுத்தேன். இம்முறை அம்மா தேநீரோடு நிறுத்திக்கொண்டார்.