கட்டிலுக்கு அடியில் எரிந்த கொசுவர்த்தி

2019 செப்டம்பர் புகைமூட்டம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கோலாலம்பூரில் பள்ளிகளையே மூடினார்கள். செந்தூலில் எங்கள் பிளாட் பால்கனியில் நின்றால் இரட்டைக் கோபுரம் இருந்த இடம் வெறும் சாம்பல் நிறம். மணிக்கு ஒரு தரம் போனில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பார்ப்பேன். ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துண்டு செருகி வைத்தேன். மகனுக்கு அப்போது நான்கு வயது, ஏற்கெனவே மூச்சிளைப்பு உள்ள பிள்ளை. அத்தனை செய்தும் ராத்திரியில் அவன் நெஞ்சு கீச்கீச்சென்றது. விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே இழுத்தது.

கிளினிக்கில் மூச்சு வழியாக மருந்து கொடுக்கும் நெபுலைசரை மாட்டிக்கொண்டே டாக்டரம்மா கேட்டார்: "வீட்டுல கொசுவர்த்தி ஏத்துறீங்களா?"

ஏற்றுகிறோம். டிங்கிக் காய்ச்சல் பயம். கட்டிலுக்கு அடியில் வைத்து, கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு, விடிய விடிய.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். மலேசியா, சீனக் கொசுவர்த்திகளைச் சோதித்து 2003இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள்களைக் கக்குகிறதாம். பிஎம் 2.5 என்கிறார்களே, நுரையீரலின் அடிவரை போகும் துகள், அதுதான். இதில் இன்னொரு கொடுமை, டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் கடிப்பது காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும்; நாங்கள் சுருள் ஏற்றியதோ ராத்திரி முழுக்க.

வீட்டுக்குள் யாராவது சிகரெட் பற்ற வைத்தால் நாம் சும்மா விடுவோமா? ஆனால் கொசுவர்த்திப் புகையை மட்டும் மருந்து மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்றோடு சுருளை நிறுத்திவிட்டு வலை கட்டினோம். அலமாரிக்குப் பின்னால் சுவரில் கருப்பாகப் படர்ந்திருந்த பூஞ்சையையும் அப்போதுதான் பார்த்தேன், அதுவும் இளைப்பைக் கிளப்பும். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் பேச்சு வந்தபோது அம்மாவின் முகம் வாடிவிட்டது. "சாமிக்குப் போடுறதையும் நிறுத்தணுமா?" நிறுத்தவில்லை. பால்கனிக் கதவைத் திறந்து வைத்துப் போடுகிறார், புகை அடங்கும்வரை பிள்ளை பக்கத்து வீட்டில் விளையாடுவான்.

நெபுலைசருக்கு ஓடுவது குறைந்துவிட்டது. வலையால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், வளர வளர இளைப்பு குறைவதும் உண்டு. ஆனாலும் அந்தச் சுருளை இனி ஏற்ற மாட்டேன்.

கீழ்மாடி அக்கா வீட்டிலிருந்து இப்போதும் ஏழு மணிக்கெல்லாம் அந்த வாசனை படிக்கட்டில் ஏறி வரும். அவர் பேத்திக்கு இரண்டு வயது, ஓயாத இருமல். போன வாரம் வலை ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். "எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நேற்று ராத்திரி வாசனை வரவில்லை.