காலை மறைத்துவிட்டுச் சண்டைப் படம் காட்டுகிறார்கள்

ஞாயிறு மத்தியானத்தில் மொழிமாற்றிய சண்டைப் படம் போடுகிற சானல்காரரிடம் ஒன்று கேட்கவேண்டும். படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுகிறீர்களா, இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு கத்தரிக்கோல் பிடிக்கிறீர்களா? போன ஞாயிறு 'ஓங் பாக்' போட்டார்கள். 2003இல் வந்த தாய்லாந்துப் படம், பிரச்சயா பின்காவ் இயக்கியது, டோனி ஜா நடித்தது. அந்தப் படத்தின் பலம் சண்டை, பலவீனம் கதை. இந்த மகான்கள் பலவீனத்தை ஒரு வரி விடாமல் காட்டிவிட்டு, பலத்தை வெட்டி எறிந்திருக்கிறார்கள்.

கதையைச் சொல்லிவிடுகிறேன், அதிக நேரம் எடுக்காது. தாய்லாந்தின் வடகிழக்கில், ஈசான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் புத்தர் சிலையின் தலையை ஒருவன் வெட்டிக்கொண்டு பாங்கொக் போய்விடுகிறான். மழை இல்லாத ஊர், தலையும் போனதில் சனம் பதறுகிறது. டிங் என்ற பெடியன் அதை மீட்கப் புறப்படுகிறான். அவ்வளவுதான். கோயில் விக்கிரகம் களவு போனால் ஊர் எப்படிக் கொதிக்கும் என்று யாழ்ப்பாணத்தில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அந்தக் கொதிப்பை வைத்து எவ்வளவோ செய்திருக்கலாம், ஆனால் நகரத்துக்குள் நுழைந்ததும் படம் ஊரை மறந்துவிடுகிறது. வில்லன் சக்கர நாற்காலியில் இருந்தபடி தொண்டையில் ஒரு கருவியை வைத்துக் கரகரவென்று பேசுகிறான். காசுக்காகச் சிலை கடத்துகிறவன் என்பதற்கு மேல் அவனைப் பற்றி ஒன்றும் இல்லை. முவாய் லெக் என்று ஒரு பெண் வருகிறாள், அவளை என்ன செய்வதென்று படத்துக்கே தெரியவில்லை. பாங்கொக்கில் டிங்கோடு சேருகிற ஊர்க்காரன் ஹும்லேயாக வரும் பெட்தாய் வொங்கம்லாவ் தாய்லாந்தின் பெரிய பகிடி நடிகர், கெட்டிக்காரர், ஆனால் பாதிப் படத்துக்குக் கத்திக்கொண்டே இருக்கிறார். அந்த ஓட்டோத் துரத்தல் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும், என்றாலும் அரைவாசியில் முடித்திருக்கலாம்.

இந்தப் படத்தை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோன பிரெஞ்சு இயக்குநர் லுக் பெஸ்ஸோனின் நிறுவனம்கூட முவாய் லெக்கின் சகோதரி வருகிற துணைக்கதையைத்தான் பெரும்பாலும் வெட்டியது. அவர்களுக்கு எங்கே கை வைக்கவேண்டும் என்று தெரிந்திருக்கிறது. எங்கள் சானல்காரர் அந்தத் துணைக்கதையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, சந்துக்குள் டிங் ஓடுகிற காட்சியில் கை வைத்தார்கள்.

அந்தச் சந்துக் காட்சி என்ன சாதாரணமா? முள்ளுக்கம்பி வளையத்துக்குள்ளால் பாய்கிறான், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவால் உடம்பைத் திருப்பிப் போகிறான், வாகனத்துக்குக் கீழே இரண்டு காலையும் விரித்தபடி சறுக்குகிறான், வழியை மறித்து நிற்கிறவர்களின் தோளில் மிதித்துக்கொண்டு ஓடுகிறான். கயிறு இல்லை, கொம்பியூட்டர் இல்லை. படத்தை விற்றதே அதைச் சொல்லித்தான். சண்டையை அமைத்தவர் பன்னா ரிட்டிக்ராய். டோனி ஜாவைச் சிறு வயதிலிருந்து பழக்கி எடுத்த குரு அவர், 2014இல் காலமாகிவிட்டார். பெரிய பாய்ச்சல் ஒன்று முடிந்ததும் அதையே இன்னொரு கோணத்தில் திரும்பக் காட்டுவார்கள். ஜாக்கி சான் 1985இல் 'போலீஸ் ஸ்டோரி'யில் கம்பத்தில் சறுக்கி இறங்குவதும் அப்படித்தான் திரும்பத் திரும்ப வரும். நன்றாகப் பார், இதில் ஏமாற்று இல்லை என்று பார்க்கிறவனுக்குக் காட்டுகிற சாட்சி அது. சானலில் அந்த இரண்டாம் கோணங்கள் ஒன்றுகூட இல்லை. ஒரே காட்சி தவறுதலாக இரண்டு தரம் வந்துவிட்டது என்று நினைத்து வெட்டியிருப்பார்கள் போல! காற்சட்டையில் நெருப்புப் பிடித்து எரிய எரிய உதைக்கிற இடம் முழுவதாகக் காணோம். அதுவரை பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் மகன், 'மாமா, அவர் என்ன பெல்ட்?' என்று கேட்டான். கராத்தே வகுப்புக்குப் போகிற பிள்ளை. இது முவாய் போரான், முவாய் தாய் என்கிற தாய்லாந்துச் சண்டைக்கலையின் பழைய வடிவம், இதில் பெல்ட் இல்லை, முழங்கையும் முழங்காலும்தான் ஆயுதம் என்று விளங்கப்படுத்தி, 'இப்ப பார்' என்று கையைக் காட்டினேன். நகைக்கடை விளம்பரம் வந்தது.

வெட்டாமல் விட்டதையாவது பார்க்க விட்டார்களா? திரையின் அடியில் ஒரு பட்டி. இரவு எத்தனை மணிக்கு எந்தச் சீரியல் என்று அதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்கு மேல் அந்தச் சீரியல் மாமியாரே வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். உதைக்கிற படத்தில் திரையின் அடிப்பகுதிதான் சீவன். சண்டை தெரிந்தவனைப் படம் எடுக்கும்போது கமராவைப் பின்னுக்கு வைத்து, தலையும் பாதமும் ஒரே சட்டத்துக்குள் வருகிறமாதிரி எடுப்பார்கள். ஊன்றின கால் எப்படித் திரும்புகிறது, இடுப்பு எப்படிச் சுழல்கிறது என்று கண்டால்தான் அந்த உதையின் பாரம் விளங்கும். சண்டை தெரியாத நடிகருக்குத்தான் கமராவை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், ஒரு குத்தை ஐந்து துண்டாக்கி ஒட்டி மறைப்பது. இங்கே உண்மையாகவே அடிக்கத் தெரிந்த மனிதன் காலைத் தூக்குகிறான், கால் இருக்கிற இடத்தில் மாமியார் நிற்கிறார். முழங்காலுக்குக் கீழே தெரியாவிட்டால் முவாய் தாய் என்ன, கும்மியாகக்கூட இருக்கலாம்.

குரல் கொடுத்தவர்களைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், அவ்வளவு கோபம். டிங் அதிகம் பேசாத பிள்ளை. ஊர்க் கோயில் வளவில் வளர்ந்தவன், அடிக்கவேண்டி வந்தாலும் தயங்கித்தான் அடிப்பான். அந்தத் தயக்கம்தான் அந்தப் பாத்திரத்தில் இருக்கிற ஒரே அழகு. தமிழில் அவன் வாயை மூடுவதே இல்லை. 'டேய், நான் யார் தெரியுமா' என்று தொடங்கி வசனமாக அள்ளி விடுகிறான். ஹும்லே பேசுவது முழுக்கச் சென்னைப் பாஷை, அதிலும் பாதி பழைய நகைச்சுவைக் காட்சிகளில் கேட்டுப் புளித்தவை. முழங்கை மண்டையில் விழுகிற சத்தத்துக்கு மேல் யாரோ ஸ்டூடியோவுக்குள் இருந்து 'ஆ... ஊ...' என்று கத்துகிறார். எலும்பின் சத்தத்துக்காகத்தான் ஐயா இந்தப் படம் பார்ப்பதே!

இவ்வளவு கொடுமைக்குள்ளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்போதுதான் சித்தப்பா கதிரையில் சாய்ந்தபடி சொன்னார்:

'உதெல்லாம் கயிறு கட்டி எடுக்கிறது தம்பி. மிச்சம் கொம்பியூட்டர்.'

'இல்லை சித்தப்பா, உதில கயிறே இல்லை. அந்தாள் உண்மையாப் பாயுறார்.'

'சும்மா விசர்க்கதை கதையாதை. மனுசன் உப்பிடிப் பாய ஏலுமே?'

கடைசியாக நாங்கள் தியேட்டருக்குப் போய்ப் பார்த்த தமிழ்ப் படத்தில் கதாநாயகன் ஒரு அடி அடிக்கப் பத்துப் பேர் ஜீப்போடு பறந்தார்கள். அதற்கு எழும்பி நின்று விசிலடித்தவர் இதே சித்தப்பா. அங்கே அவர் கயிறு தேடவில்லை. ஒரு மனிதன் வருடக்கணக்காக உடம்பை முறித்துப் பழகிச் செய்கிற பாய்ச்சல் பொய்யாம், கிரேனில் தொங்குகிற அடியாட்கள் மெய்யாம். அவரையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. திரும்பக் காட்டுகிற அந்த இரண்டாம் கோணத்தை வெட்டாமல் விட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்கத் தேவையில்லை, படமே அவருக்குப் பதில் சொல்லியிருக்கும்.

இதே டோனி ஜாவும் பின்காவும் 2005இல் எடுத்த 'தொம் யம் கூங்'கில், ஒரு உணவகத்தின் மாடிப்படிகளில் ஏறிக்கொண்டே கிட்டத்தட்ட நான்கு நிமிடம் அடிப்பார், இடையில் ஒரு வெட்டுக்கூட இல்லை, கமராவும் பின்னாலேயே ஏறும். அது இந்தச் சானல்காரர் கையில் அகப்பட்டால் எத்தனை துண்டாகும் என்று நினைக்கவே வயிறு எரிகிறது.

முடிவுச் சண்டை ஒரு குகைக்குள். பிரமாண்டமான புத்தர் தலை ஒன்றை வில்லனின் ஆட்கள் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள், ஹும்லே சாகிறான், கத்திக்கொண்டே இருந்த அந்த மனிதன்மேல் முதல்முறையாக இரக்கம் வருகிறது. சானலில் டிங் குகைக்குள் போனான், விளம்பரம் வந்தது, திரும்பி வந்தபோது தலை ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது! யார் செத்தார்கள், யார் அடித்தார்கள், ஒன்றும் இல்லை. ஆனால் முவாய் லெக்கின் சகோதரி அழுகிற காட்சி முழுதாக இருந்தது.

அடுத்த ஞாயிறு இரண்டாம் பாகமாம். 'அவன் மீண்டும் வருகிறான், பழி தீர்க்க' என்று நாள் முழுக்க விளம்பரம் ஓடுகிறது. 2008இல் வந்த அந்தப் படம் 15ஆம் நூற்றாண்டில் நடக்கிற கதை, ஆள் வேறு, ஊர் வேறு, இந்தத் தலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சித்தப்பா இப்பவே கேட்கத் தொடங்கிவிட்டார், அந்த ஓட்டோக்காரர் அதிலும் வருவாரோ என்று.