மிச்சம் வைத்த சுரப்பி மீண்டும் வளரும்

தைராய்டு சுரப்பி வீங்கும் முன்கழுத்துக் கழலைக்கு, அச்சுரப்பியைச் சிறிதளவு விட்டுவைத்து அறுவை செய்வதே நல்லது என்று நான் படித்த ஒரு கட்டுரை கூறுவதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. கட்டி சுரப்பியின் இரு மடல்களில் (இருபக்கப் பகுதிகளில்) ஒன்றில் மட்டும் இருந்தால் அம்மடலை எடுப்பதே போதும். ஆனால் இரு மடல்களிலும் பல கட்டிகள் இருக்கையில், விட்டுவைத்த திசுவில் கழலை பல ஆண்டுகள் கழித்தும் மீண்டும் வளரக்கூடும். அரூரில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு அதுவே நேர்ந்தது. மறு அறுவையில், பழைய தழும்பின் காரணமாக, குரல் நரம்புக்கும் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பிகளுக்கும் ஆபத்து கூடுகிறது. முழுவதும் அகற்றினால் வாழ்நாள் முழுக்க வெறும் வயிற்றில் தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரை விழுங்க வேண்டும் என்பதும், விரல்நுனி மரத்துப்போகும் தற்காலிகக் கால்சியக் குறைவு சற்று அதிகம் என்பதும் உண்மையே. ஆயினும், பகுதியளவு அகற்றிக்கொண்டவர்களிலும் பலர் பின்னர் அதே மாத்திரைக்கு வந்துசேர்கிறார்கள். கட்டுரை இதைச் சொல்லாதது குறையே.