மேம்பாலத்தில் மூன்றாவதாக நின்ற கார் என்னுடையது

அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் பார்க்க வேண்டாம். மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமாக வரிசை கட்டி நிற்கும் கார்களைக் காட்டி, "ஏரியில வீடு வாங்குனா கார் பாலத்துலதான் நிக்கும்" என்று ஒருவர் சிரிக்கிறார். என் நட்புப் பட்டியலிலேயே பதினோரு பேர் சிரிப்புக் குறி போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பெயராக எண்ணிப் பார்த்தேன். அந்த வரிசையில் மூன்றாவதாக நிற்கும் வெள்ளைக் கார் என்னுடையது.

கோபம் அடங்கட்டும் என்று இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். அடங்கவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வாங்கியவளைக் கேட்பதற்கு முன்னால், வாங்கலாம் என்று கையெழுத்துப் போட்டவர்களைக் கேளுங்கள்.

2008-இல் இந்த வீட்டை வாங்கினேன். பட்டா இருந்தது. முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்தோம். திட்ட அனுமதி இருந்தது. கடன் கொடுத்த வங்கியின் வழக்கறிஞர் எல்லாப் பத்திரத்தையும் புரட்டிப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். முத்திரைக் கட்டணம் கட்டிப் பதிவு செய்தேன். அன்றிலிருந்து இன்று வரை சொத்து வரியும் குடிநீர் வரியும் ஒரு தவணை தவறியதில்லை. இத்தனை காகிதத்தில், இத்தனை முத்திரையில், ஓர் இடத்திலாவது 'இது தண்ணீர் நிற்கும் இடம்' என்று ஒரு வரி இருந்திருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன். அரசு ஆவணத்தை நம்பினேன். நான் செய்தது அவ்வளவுதான்.

"சதுப்பு நிலம்னு தெரியாதா?" என்று கேட்கிறீர்கள். சரி, சதுப்பு நிலத்தைப் பற்றியே பேசுவோம். எங்கள் வேளச்சேரியை ஒட்டியிருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்தது. தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் அங்கேதான் வந்து சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் கடலில் கலக்கும். அந்தச் சதுப்பில்தான் பெருங்குடி குப்பைக் கிடங்கு பல பத்தாண்டுகளாக மலையாக வளர்ந்தது. அதன் நடுவில்தான் துரைப்பாக்கம், பல்லாவரம் இருநூறு அடிச் சாலை போகிறது. பறக்கும் ரயில் 2007-இல் வேளச்சேரி வரை வந்தபோது பத்திரிகைகள் எல்லாம் கொண்டாடின. வேளச்சேரி ஏரி மட்டும் 265 ஏக்கர் இருந்ததாம், இப்போது ஏறத்தாழ 55 ஏக்கர். காணாமல் போன ஏரியில் ஒரு பங்கு அரசுக் குடியிருப்புத் திட்டங்களுக்கே போனது. மிச்சமிருக்கும் பள்ளிக்கரணைக்கு 2022-இல் ராம்சார் அங்கீகாரம் (உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம்) கிடைத்தது, 1,247 ஹெக்டேருக்கு. நான் வீடு வாங்கிப் பதினான்கு வருடம் கழித்து.

சாலை போட்டவர்கள், ரயில் விட்டவர்கள், குப்பை கொட்டியவர்கள் யாரையும் பார்த்து அந்த மனிதர் சிரிக்கவில்லை. 900 சதுர அடி வாங்கிய என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்.

ஏரியில் வீடு கட்டியவர்கள் என்று பட்டியல் எடுத்தால் சென்னையில் யார் மிஞ்சுவார்கள்? தி.நகர் 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவான ஊர். வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். பழவந்தாங்கல் என்ற பெயரிலேயே தாங்கல் இருக்கிறது, தாங்கல் என்றால் ஏரி. சிரிப்புக் குறி போட்ட பதினோரு பேரில் இரண்டு பேர் மேற்கு மாம்பலம். உங்கள் பக்கத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறதே, அந்த லேக் எங்கே போனது? உங்கள் தாத்தா வாங்கியதால் அது நகரம், நான் வாங்கியதால் இது ஆக்கிரமிப்பா?

இதை எழுதும்போதே அம்மா பின்னால் நின்று, "விடேன்மா, யாரோ ஏதோ சொல்லிட்டுப் போறாங்க" என்கிறாள். அம்மாவுக்காகத்தான் எழுதுகிறேன்.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அந்தப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் இறங்கி வருவது எங்கள் பக்கம்தான். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. வெள்ளம் வாசல் வழியாக வரும் என்று நினைத்து, வாசலில் மணல் மூட்டை போட்டு வைத்திருந்தோம். அது குளியலறை வழியாக வந்தது. தரையில் தண்ணீர் இறங்குவதற்கு வைத்திருக்கும் ஜாலி மூடி கடகடவென்று ஆடியது. அப்புறம் கறுப்பாகக் கொப்பளித்தது. நான் ஒரு துணியைச் சுருட்டி அதன் மேல் வைத்து, அதன் மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தேன். இரண்டு நிமிடத்தில் சமையலறைத் தொட்டியில் ஏறி வந்தது. அதை எந்தக் கல்லால் அடைப்பது?

அம்மாவுக்கு மூட்டு வலி. இரண்டாவது மாடி வரை அவளைத் தூக்கிக்கொண்டு போனது மேல்வீட்டுத் தம்பியும் வாட்ச்மேன் அண்ணனும். மின்சாரம் இல்லை, போனில் சிக்னல் இல்லை. மூன்றாம் நாள் ஒரு மீன்பிடிப் படகு தெருவுக்குள் வந்தது. இறங்கி வந்து கதவைத் திறந்தபோது ஃபிரிட்ஜ் கவிழ்ந்து கிடந்தது. அது போகட்டும். அப்பாவின் கணக்கு நோட்டுகள் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தன. அவர் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. பால் கணக்கு, மளிகைக் கணக்கு, என் பள்ளிக்கூடக் கட்டணம் எல்லாம் ஊதா மையில் எழுதியிருப்பார். அம்மா ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தாள். காய்ந்தது. ஆனால் எழுத்து இல்லை. தாள் முழுக்க வெளிறிய ஊதா மட்டும்.

காரை பாலத்தில் நிறுத்துவது பகட்டு என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, வெள்ளத்தில் மூழ்கிய காரை வைத்துக்கொண்டு காப்பீட்டுக்காக அலைந்து பாருங்கள். 2024 அக்டோபரிலும் இதே போலத்தான், பாலத்தில் நிறுத்தினால் அபராதம் என்று செய்தி பரவி, அப்புறம் அப்படி எதுவும் இல்லை என்று போலீசே சொன்னது. நிர்வாகத்துக்கே புரிந்தது உங்களுக்குப் புரியவில்லை.

"யாருமே எதிர்பார்க்காத மழை, யார் என்ன செய்ய முடியும்?" என்று ஒரு வாதம். வடகிழக்குப் பருவமழை எதிர்பாராமல் வருவதா? ஒவ்வொரு வருடமும் அக்டோபரில் தொடங்குகிறது, டிசம்பர் வரை இருக்கிறது. சென்னையின் வருட மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதத்தில்தான் பெய்கிறது. 2015-இல் பெய்தது பேய்மழை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வெள்ளத்தைப் பற்றி 2018-இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையே மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றுதான் சொன்னது. அப்புறம் 2021 நவம்பரில் மூழ்கினோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மூழ்கினோம். எத்தனை முறை எதிர்பார்க்காமல் இருப்பீர்கள்?

இப்போது வடிகாலுக்கு வருகிறேன். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன்.

எங்கள் தெருவில் புதிதாக மழைநீர் வடிகால் கட்டினார்கள். கட்டுவதற்காக ஏழு மாதம் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். முடிந்ததும் எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்த மழையில் தண்ணீர் தெருவிலேயே நின்றது, வடிகாலுக்குள் போகவில்லை. மறுநாள் குடியிருப்போர் சங்கத்தில் சொல்லி ஆள் வரவழைத்து மூடிப் பலகையைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கினோம். உள்ளே கான்கிரீட் போடும்போது முட்டுக் கொடுத்த சென்ட்ரிங் பலகைகள் அப்படியே இருந்தன. கழற்றவே இல்லை. பலகைக்குப் பின்னால் இடுப்பளவு சேறு. தெருத் தண்ணீர் உள்ளே இறங்குவதற்காக விட்டிருந்த ஓட்டைகளில் பாதியைச் சிமெண்டுக் குழம்பு வழிந்து அடைத்திருந்தது. வந்த ஆள் உளியால் தட்டி ஒன்றைத் திறந்துவிட்டு, "அக்கா, இது எங்க போய்ச் சேருதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். நடந்து போய்ப் பார்த்தோம். தெருமுனையில் வடிகால் முடிந்துவிட்டது. எதிர்ப்பக்கத்துப் பழைய கால்வாய்க்கும் இதற்கும் நடுவில் ஏழெட்டு அடி வெறும் மண். இரண்டையும் இணைக்கவே இல்லை.

புகார் கொடுக்கப் போனேன். எந்த அலுவலகம், யார் என்று சொல்லப்போவதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், அது மிஸ்ஸிங் லிங்க். அடுத்த பேக்கேஜ்ல வரும்" என்றார். அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பெயர் வைக்கும் அளவுக்கு அது வழக்கமாகிவிட்டது.

வடிகால் என்பது தண்ணீரைப் போட்டு வைக்கும் பள்ளம் இல்லை, அது ஒரு வழி. தெருத் தண்ணீர் இறங்க வாய் வேண்டும், ஓட சரிவு வேண்டும், முடிவில் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். இந்த ஊர் தட்டையான ஊர். பல இடங்கள் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர்தான் மேலே. ஒரு சாண் சரிவு தப்பினாலும் தண்ணீர் நிற்கும், இல்லாவிட்டால் திரும்பி வரும். புயல் நேரத்தில் கடல் பொங்கினால் ஆற்று முகத்துவாரமே தண்ணீரை வாங்காது. அதனால்தான் நம் ஆட்கள் ஒரு காலத்தில் ஏரிக்கு மதகும் வைத்தார்கள், கலங்கலும் வைத்தார்கள், ஓர் ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்கு வாய்க்காலும் வெட்டினார்கள். வழிந்தால் எங்கே போகும் என்று முதலிலேயே யோசித்தார்கள். நாம் எத்தனை கிலோமீட்டர் வடிகால் கட்டினோம் என்று கணக்குச் சொல்கிறோம். அது எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

இன்னொன்று. 2022 அக்டோபரில், வேலை முடியாத ஒரு மழைநீர் வடிகால் பள்ளத்தில் விழுந்து ஓர் இளம் பத்திரிகையாளர் இறந்துபோனார். இருபதுகளில் இருந்த பையன். அந்தச் செய்திக்கு ஒருவரும் சிரிப்புக் குறி போடவில்லை. அந்தப் பள்ளமும் எங்கள் தெருப் பள்ளமும் ஒரே மாதிரியான பள்ளம்தான்.

சாலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கியபோது வாசலில் இருந்து தெருவுக்கு இரண்டு படி இறங்க வேண்டும். இப்போது தெருவிலிருந்து வீட்டுக்கு ஒரு படி இறங்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு உயர்த்திவிட்டார்கள். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். அதற்கு முன்னால் ஏறிய உயரம் என்ன ஆகும்? என் வீடு நகரவில்லை. தெருதான் மேலே போனது. இப்போது நான் பள்ளத்தில் வீடு வாங்கியவள்.

அடுத்து, "மக்கள்தான் பிளாஸ்டிக்கைப் போட்டு அடைக்கிறாங்க" என்பது. இதில் உண்மை இருக்கிறது. எங்கள் தெரு வடிகாலில் இளநீர்க் கூடு இருந்தது, தெர்மாகோல் இருந்தது, ஒரு முழுத் தலையணை இருந்தது. பக்கத்துக் கட்டடத்துக் கழிவுநீர்க் குழாயும் மழைநீர் வடிகாலில்தான் விழுகிறது. சங்கக் கூட்டத்தில் நான்தான் எழுந்து சொன்னேன், இன்று வரை அவர்கள் என்னோடு பேசுவதில்லை. ஆனால் சென்ட்ரிங் பலகையைப் போட்டது மக்கள் இல்லை. நடுவில் ஏழடி மண்ணை விட்டது மக்கள் இல்லை.

"வித்துட்டுப் போக வேண்டியதுதானே?" என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார். யாரிடம் விற்பது? இன்னொரு குடும்பத்திடம்தானே? அவர்களிடம் அதே பட்டாவையும் அதே வில்லங்கச் சான்றையும் காட்டி, குளியலறையில் என்ன வந்தது என்பதைச் சொல்லாமல் மறைக்க வேண்டும். என்னால் முடியாது. சொன்னால் வாங்க மாட்டார்கள். கடன் இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

சிரித்தவர்களில் ஒருத்தி என்னோடு கல்லூரியில் படித்தவள். 2015-இல் அம்மாவுக்கு இரண்டு புடவையும் ஒரு கம்பளியும் கொண்டு வந்து கொடுத்தவள். முழங்கால் சேற்றில் நடந்து வந்தாள். அந்தக் கம்பளியை அம்மா இன்னும் வைத்திருக்கிறாள், மழைக்காலத்தில் எடுப்பாள். உன் பெயரை அந்தப் பட்டியலில் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்த ஆள் யாரோ, அவர் பேசட்டும். நீ ஏன் சிரித்தாய்? ஒருவேளை விரல் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படியென்றால் போன் பண்ணு.

இன்று இரவும் கனமழை என்று சொல்லியிருக்கிறார்கள். பீரோவின் கீழ்த்தட்டு காலி, எல்லாவற்றையும் பரணில் ஏற்றியாகிவிட்டது. குளியலறை ஜாலியின் மேல் அம்மிக்கல் இருக்கிறது. மேல்வீட்டுச் சாவியை வாங்கி வைத்திருக்கிறேன். காரை மறுபடியும் மேம்பாலத்தில் விட்டுவிட்டு, தண்ணீர் ஏறுவதற்குள் நடந்து வீடு வந்து சேர வேண்டும். பின்னூட்டம் போடுபவர்களுக்கு நாளை, கரண்ட் இருந்தால், பதில் சொல்கிறேன்.