வேலையின்மை குறைந்துவிட்டதாம், ஹார்ட் போடுங்கள்

நேற்று முழுக்கச் சுற்றிய அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள், திரும்ப இங்கே ஒட்டப் போவதில்லை. வேலையின்மை விகிதம் இறங்குகிற கோடுகூடப் பரவாயில்லை. மேலே எழுதியிருந்தது பாருங்கள், "இனிமேல் வேலை இல்லை என்பவன் சோம்பேறி" என்று, அதுதான் வயிற்றெரிச்சல். என்னை நன்றாகத் தெரிந்தவர்களே அதற்கு ஹார்ட் போட்டிருக்கிறார்கள்.

விகிதம் குறைந்தால் வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அந்தக் கணக்கில் வேலையில்லாதவராகச் சேர, வேலை இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, தேடிக்கொண்டும் இருக்க வேண்டும். தேடுவதை விட்டால் கணக்கிலிருந்தே போய்விடுவீர்கள். 100 பேரில் 10 பேருக்கு வேலை இல்லை, 10 சதவீதம். அதில் 4 பேர் சலித்துப்போய் நிறுத்திவிட்டால் மிச்சம் 96 பேரில் 6 பேர், 6.25 சதவீதம். ஒருத்தருக்கும் வேலை கிடைக்கவில்லை, கோடு மட்டும் சர்ரென்று இறங்கிவிட்டது.

இன்னொரு பக்கம், வேலையில் இருப்பவர் யார்? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் அளவுகோலில், கணக்கெடுக்கும் வாரத்தில் சம்பாத்தியத்துக்காக 1 மணி நேரம் உழைத்திருந்தால் போதும், நீங்கள் வேலையில் இருக்கிறீர்கள்!

சிறிய நகரத்தில் இது இன்னும் மோசம். வேலையில் இருப்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்தே 60,000 பேர் என்றால், 300 பேரை வெளியே அனுப்பும் ஒரே ஆலை விகிதத்தை அரை சதவீதப் புள்ளி ஏற்றிவிடும். அந்த 300 பேரும் பிழைப்புத் தேடி வேறு ஊருக்குக் குடிபோய்விட்டால் அது தானாக இறங்கிவிடும், அதற்குப் பெயர் முன்னேற்றம். போதாததற்கு, அமெரிக்காவிலேயே இந்தக் கணக்குக்காக மாதாமாதம் கேட்பது நாடு முழுக்கச் சேர்த்து சுமார் 60,000 குடும்பங்களைத்தான். சின்ன ஊரின் பங்குக்கு எத்தனை வீடு வரும்? அதனால் வேறு தரவுகளையும் சேர்த்து மதிப்பிட்டுத்தான் எண்ணை வெளியிடுகிறார்கள், பிறகு திருத்துகிறார்கள். திருத்தியதை யார் பகிர்கிறார்கள்?

என் மச்சானையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆலை மூடியபோது அவருக்கு 46 வயது. சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்கிற ஆள். நேர்காணலில் ஒரு பொடியன், ரெஸ்யூமைப் புரட்டக்கூட இல்லாமல், "எங்க டீம் ரொம்ப யங் சார்" என்று சிரித்தானாம். அதற்கப்புறமும் ரொம்ப நாள் தேடினார், பிறகு விட்டுவிட்டார். எப்போதாவது யாராவது கூப்பிட்டால் மோட்டாரைப் பிரித்துப் பார்த்துக் கொடுத்துக் கொஞ்சம் காசு வாங்குவார். அந்த வாரம் வந்து கேட்டால் அவர் வேலையில் இருப்பவர். மற்ற வாரங்களில் வேலை தேடாதவர். எந்த வாரத்திலும் வேலையில்லாதவர் கிடையாது.

"அப்போ எல்லாப் புள்ளிவிவரமும் பொய்யா?" என்று வருவீர்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. பங்கேற்பு விகிதம் என்று பக்கத்திலேயே ஒரு எண் இருக்கிறது, வேலை செய்யும் வயதை எட்டியவர்களில் எத்தனை சதவீதம் பேர் வேலையில் இருக்கிறார்கள் அல்லது தேடுகிறார்கள் என்பது, அதையும் சேர்த்துப் பாருங்கள் என்கிறேன். அமெரிக்காவில் 2009 அக்டோபரில் 10 சதவீதமாக இருந்த வேலையின்மை 2015 கடைசியில் 5 ஆனது. அதே காலத்தில் பங்கேற்பு சுமார் 65இலிருந்து 62.5க்கு இறங்கியது. வயதானவர்கள் ஓய்வு பெற்றதும் ஒரு காரணம், சரி, ஒத்துக்கொள்கிறேன். நிறையப் பேருக்கு உண்மையாகவே வேலையும் கிடைத்தது. அந்த ஒரு எண் மட்டும் முழுக்கதை சொல்லாது, அவ்வளவுதான்.

"எப்பவும் நெகட்டிவாவே பேசறீங்க" என்பவர்களுக்குப் பதில் இல்லை. சம்பளம் மாதாமாதம் வந்து விழுகிறவர்களுக்கு பாசிட்டிவாக இருப்பது சுலபம்.

சோம்பேறியாம். பார்க்கிறவர்கள் எல்லாம் "இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்டே என் மச்சானை வெளியே வராமல் செய்துவிட்டார்கள். இப்போது ஒரு கோட்டைக் காட்டி அவர் மாதிரி ஆட்களை இன்னொரு தடவை திட்ட வேண்டுமா? ஹார்ட் போட்டவர்களில் இரண்டு பேர், ஆலை ஓடிய காலத்தில் அவரிடம் வேலைக்குச் சிபாரிசு கேட்டவர்கள். பெயர் சொல்லவில்லை, படிக்கும்போது தெரிந்துகொள்வார்கள்.

அதே படத்தைக் கமெண்டில் ஒட்டப் போகிறவர்கள் கூடவே பங்கேற்பு விகிதத்தையும் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பிளாக்தான், அப்புறம் இன்பாக்ஸில் வந்து வருத்தப்பட வேண்டாம்.