யாருடைய வேலை அது?

பெரிய நிறுவனம் ஒன்று கவனக்குறைவால் தலைகுனியும்போதெல்லாம், "யானைக்கும் அடி சறுக்கும்" என்று யாராவது சமாதானம் சொல்ல வந்துவிடுகிறார்கள். இந்த இடத்தில் அந்தப் பழமொழியைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. பார்த்து நடக்கிறவருக்கும் நேர்வதுதான் சறுக்கல். உரிமம் முடியப்போகிறது என்று 90 நாட்களாக வந்துகொண்டிருந்த அறிவிப்பை ஒருவரும் பிரித்துக்கூடப் பார்க்காமல் விட்டதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

வேல்ஸில் டெய்லர் அண்ட் சன்ஸ் என்று ஒரு பொறியியல் நிறுவனம் இருந்தது. தலைமுறைகளைக் கடந்த குடும்பத் தொழில். 250 பேருக்கு மேல் அங்கே வேலை பார்த்தார்கள். 2009 பிப்ரவரியில், நிறுவனங்களைப் பதிவு செய்யும் பிரிட்டன் அரசின் கம்பெனிஸ் ஹவுஸ், அந்த நிறுவனம் கலைக்கப்படுவதாகத் தன் பதிவேட்டில் ஏற்றிவிட்டது. கலைக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டதோ டெய்லர் அண்ட் சன் என்ற, இதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு நிறுவனத்தை. ஆங்கிலத்தில் கடைசியில் வரும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். இரண்டு பெயர்களையும் அருகருகே வைத்து ஒருமுறை நிதானமாக வாசித்திருந்தால் போதும்.

தவறு சில நாட்களில் திருத்தப்பட்டது. ஆனால் அதற்குள் அந்தத் தகவல் கடன்தகுதியை மதிப்பிடும் நிறுவனங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சரக்கு கொடுத்துவந்தவர்கள் கடனுக்குத் தர மறுத்தார்கள். வாடிக்கையாளர்கள் பின்வாங்கினார்கள். "நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம்" என்று எத்தனை பேரிடம் சொல்லிப் புரியவைக்க முடியும்? இரண்டே மாதங்களில் நிறுவனம் நிஜமாகவே நொடித்துப்போனது. கம்பெனிஸ் ஹவுஸ்தான் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 2015 பிறந்துவிட்டது. அந்தத் தொழிலாளர்களைப் பற்றித்தான் நான் அடிக்கடி நினைக்கிறேன். தங்கள் வேலை ஓர் எழுத்தில் போனது என்பதை அவர்கள் வீட்டில் எப்படிச் சொல்லியிருப்பார்கள்?

பெயரில் நடப்பது தேதியிலும் நடக்கிறது. 2018 டிசம்பர் 6 அன்று பிரிட்டனில் ஓ2 என்ற கைபேசி நிறுவனத்தின் இணைய சேவை நின்றது. அதே கட்டமைப்பைப் பயன்படுத்திய மற்ற நிறுவனங்களின் வாடிக்கையாளர்களையும் சேர்த்தால் 3 கோடிப் பேருக்கு மேல் பாதிப்பு. லண்டன் பேருந்து நிறுத்தங்களில் அடுத்த பஸ் எப்போது வரும் என்று காட்டும் பலகைகளும் வேலை செய்யவில்லை. ஜப்பானில் சாஃப்ட்பேங்க் கைபேசிச் சேவையும் அன்றே முடங்கியது. இவர்களுக்குத் தொலைத்தொடர்புக் கருவிகள் தரும் எரிக்சன் நிறுவனம் கொடுத்திருந்த மென்பொருளில், அது நம்பத்தக்கது என்று கணினிகளுக்குக் காட்டும் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. இத்தகைய சான்றிதழ் தரும்போதே, எந்த நாளோடு அது செல்லாது போகும் என்பதையும் அதிலேயே குறித்துத்தான் தருகிறார்கள். வரப்போகும் நாள் முன்கூட்டியே எழுத்தில் இருந்தும் தவறவிட்டதை எதிர்பாராத கோளாறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என்னை அதிகம் கலங்கவைத்தது ஈக்விஃபேக்ஸ் விவகாரம். அமெரிக்கர்களின் கடன் வரலாற்றைச் சேர்த்துவைக்கும் நிறுவனம் அது. 2017இல் சுமார் 14.7 கோடிப் பேரின் தகவல்கள் அங்கிருந்து திருடப்பட்டன. மென்பொருளில் ஓட்டை இருக்கிறது, உடனே அடையுங்கள் என்ற எச்சரிக்கை மார்ச் மாதமே வந்தது. நிறுவனத்துக்குள்ளும் அதை மின்னஞ்சலில் சுற்றுக்கு விட்டார்கள். ஆனால் பெறுநர் பட்டியல் பழையது. ஓட்டையை அடைக்க வேண்டியவர்களின் பெயர் அதில் இல்லை. போதாக்குறைக்கு, உள்ளே வந்துபோகும் தரவைச் சோதிக்கும் கருவியின் சான்றிதழும் மாதக்கணக்கில் காலாவதியாகிக் கிடந்தது. ஜூலை இறுதியில் அதைப் புதுப்பித்த பிறகுதான், மே மாதம் முதலே திருடர்கள் உள்ளே இருந்தது கண்ணில் பட்டது. நாம் தவணையைத் தாமதமாகக் கட்டினால் குறித்துவைக்கிற தொழில் இது!

மைக்ரோசாஃப்ட் 1999 கிறிஸ்துமஸ் நேரத்தில் தன் இணைய முகவரி ஒன்றைப் புதுப்பிக்க மறந்து, தன் மின்னஞ்சல் சேவையான ஹாட்மெயிலுக்குள் பலரால் நுழைய முடியாமல் போனதும், வெளியாள் ஒருவர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டி அதைச் சரிசெய்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

இத்தகைய வேலை எல்லோருடையதாகவும் இருக்கிறது, அதனாலேயே யாருடையதாகவும் இல்லாமல் போகிறது. இதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஒரு பெரிய நிறுவனத்தில், ஒருநாள் காலை வாடிக்கையாளர்கள் யாராலும் பணம் செலுத்த முடியவில்லை. மதியம்தான் காரணம் தெரிந்தது. உரிமம் ஒன்று முந்தைய நள்ளிரவோடு முடிந்திருந்தது. நினைவூட்டல்கள் எல்லாம், இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டுப்போன ஓர் அம்மாவின் மின்னஞ்சலுக்குப் போயிருந்தன. அந்தப் பெட்டியைத் திறந்தபோது நானும் அருகில் நின்றேன். 90 நாள், 60 நாள், 30 நாள், 7 நாள், இன்றே கடைசி. ஒன்றுகூடப் படிக்கப்படவில்லை.

மாலைக் கூட்டத்தில், சேர்ந்து நான்கு மாதமே ஆன ஓர் இளைஞரை எழுப்பி நிற்கவைத்தார்கள். "சார், அப்படி ஒரு முகவரி இருப்பதே எனக்குத் தெரியாதே" என்றார். குரல் உடைந்திருந்தது. பேசியிருக்க வேண்டிய மூத்தவர்கள் பேசவில்லை. நானும் பேசவில்லை, அது இன்றும் உறுத்துகிறது.

பிரிட்டனின் வரித்துறை 2007இல் செய்ததும் இதுதான். குழந்தைகள் உதவித்தொகை பெறும் குடும்பங்களைச் சேர்ந்த 2.5 கோடிப் பேரின் விவரங்கள், வங்கிக் கணக்கு எண்கள் உட்பட, இரண்டு குறுவட்டுகளில் பதிவுத் தபாலாகக்கூட இல்லாமல் அனுப்பப்பட்டுத் தொலைந்தன. இன்றுவரை அவை கிடைக்கவில்லை. முதலில் விரல் நீண்டது ஒரு இளநிலை ஊழியரை நோக்கி. பிறகு வந்த விசாரணைகள், துறையின் நடைமுறையே பழுது என்றன. துறைத் தலைவர் பதவி விலகியதை நான் மதிக்கிறேன். அந்த ஊழியர் இடையில் பட்டதற்கு யார் பதில் சொல்வது?

எங்கள் அலுவலக இளைஞர் அடுத்த வாரமே ஒரு நோட்டு போட்டார். எந்த உரிமம், எந்த நாளில் முடிகிறது, யார் பார்க்க வேண்டும், அவர் இல்லாவிட்டால் யார் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர் எழுதினார். யாரும் அவரை அதைச் செய்யச் சொல்லவில்லை. அதன்பிறகு நான் அங்கிருந்த மூன்று ஆண்டுகளில் ஒரு தேதியும் தவறவில்லை. சென்ற மாதம் அவரும் அங்கிருந்து விலகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த நோட்டு இப்போது யார் கையில் இருக்கிறது என்று பழைய மேலாளருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.