ஒரு முழம் டேப்பை வெட்டி எறிந்துவிட்டான்

வெட்டிவிட்டான் ரிப்பேர் கடைப் பொடியன், என் கசட்டின் டேப்பை. கத்தரிக்கோலால் வெட்டி, செலோடேப்பால் ஒட்டி, என் கையிலேயே தந்துவிட்டு 1500 ரூபாவும் வாங்கிக்கொண்டான்.

மூன்று கிழமைக்கு முன் கொடுத்த கசட் பிளேயர். பெல்ட் மட்டும் மாற்றினால் போதும் என்று ஒருதரம் இல்லை, மூன்றுதரம் சொன்னேன். பழசு வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும், அந்த ரப்பர் பெல்ட் வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் தார் மாதிரி இளகிக் கப்பியில் ஒட்டிவிடும். உள்ளே கசட் ஒன்று சிக்கியிருக்கிறது தம்பி, பிளேயர் போனாலும் பரவாயில்லை, அதைப் பார்த்து எடுங்கள் என்று கெஞ்சாத குறை. நேற்றுப் போனால்,

“அண்ணை, அது சுத்திப்போய்க் கிடந்தது, வெட்டித்தான் எடுத்தம்.”

எவ்வளவு வெட்டினாய் என்று கேட்டேன். கையை நீட்டி முழங்கையைத் தொட்டுக் காட்டுகிறான். ஒரு முழம்! கசட்டில் டேப் ஓடுவது செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர். அங்கேயே நின்று கணக்குப் பார்த்தேன், ஒன்பதரை செக்கன் போயிருக்கிறது. ஒரு பல்லவியே முடிந்துவிடும் அதற்குள். அதுவும் ஒரு பாட்டில் மட்டுமா? அதே டேப்பில்தானே மறுபக்கமும் இருக்கிறது, ஆக இரண்டு பாட்டு. வெட்டின துண்டு எங்கே என்றால் குப்பையோடு போய்விட்டதாம். நம் ஊர் வெக்கைக்குச் செலோடேப் பசை கசிந்து அடுத்த சுற்றிலும் ஒட்டும், பிளேயரில் டேப் உரசி ஓடுகிற ஹெட்டிலும் ஒட்டும், இது தெரியாமல் எப்படி ஐயா ரிப்பேர் கடை வைக்கிறீர்கள்? ஐந்து சின்ன ஸ்க்ரூ ஆணி. அதைக் கழற்றினால் கூடு இரண்டாகப் பிரியும், விரலால் மெல்லச் சுற்றி எடுத்திருக்கலாம். பத்து நிமிஷ வேலை.

இவ்வளவையும் பொறுத்திருப்பேன். காசை எண்ணி மேசையில் போட்டுவிட்டு ஒரு சொல் சொன்னான் பாருங்கள்: “எல்லாப் பாட்டும் போனில கிடக்குத்தானே அண்ணை.”

கிடக்கிறதா? அது அம்மா 1995இல் றெக்கோடிங் பாரில், கேட்ட பாட்டைக் கசட்டில் பதிந்து தருகிற கடையில், கொடுத்துப் பதிந்த கசட். கொப்பித்தாளில் இருபது பாட்டு எழுதிக் கொடுத்து, 90 நிமிஷம் ஓடுகிற வெறும் சி-90 கசட் ஒன்றுக்குக் காசு கட்டி, கிழமைக் கணக்கில் காத்திருந்து எடுத்தது. மட்டையில் பார்க்காரர் பச்சை மையில் எழுதின பட்டியல் இன்னும் மங்கவில்லை. முதல் பக்கத்தின் 45 நிமிஷம் முடிகிற இடத்தில் பத்தாவது பாட்டு சரணத்திலேயே அறுந்துவிடும். இன்றைக்கும் அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் அந்த வரியில் என் கை தானாக எழும்பும், கசட்டைத் திருப்ப.

சரி, அவன் சொன்னானே என்று ராத்திரி இருந்து அந்த இருபதையும் போனில் தேடினேன். மாதம் மாதம் காசு கட்டுகிற செயலிதான். பதின்மூன்று இருந்தது. நாலு பாட்டுக்கு யாரோ புதிதாக டிரம்ஸ் அடித்து வைத்திருக்கிறார்கள், மூலப் பதிவைக் காணவே இல்லை. மூன்று பாட்டின் பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் நிற்கிறது, தொட்டால் உங்கள் நாட்டில் கிடைக்காது என்கிறது. போன மாதம் அதில் ஒன்றை நான் கேட்டேனே! காசு கட்டினவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துக்கொண்டு போக இவர்கள் யார்? அம்மாவின் அலுமாரிக்குள் வந்து ஒரு கசட்டை எடுத்துப்போக எவனுக்காவது துணிச்சல் இருந்ததா?

டேப்பில் இரைச்சல் இருந்தது, பூஞ்சணம் பிடித்தது, எல்லாம் உண்மை. அப்புறம் சீடி வந்தது, 1982இல் ஜப்பானில் தொடங்கி நம் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது, இப்போது புதுக் காரில் அதைப் போடவும் ஓட்டை இல்லை. மெயின் ஸ்ட்ரீட்டில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நடந்தேன். போன் கவர், போன் கண்ணாடி, போன் சார்ஜர். ஒரு வெறும் கசட், ஒரு பெல்ட், ஒன்றும் இல்லை.

அந்தக் கொதிப்போடு வீட்டுக்கு வந்தால் கேற்றடியில் ஒரு மான் நின்று சோற்றுப் பார்சல் சுற்றின பொலித்தீன் லஞ்ச் சீட்டை மென்றுகொண்டிருக்கிறது. பாதி வாய்க்குள் போய்விட்டது, இழுத்தால் விடுகுதில்லை. எங்கள் ஒழுங்கையில் யார் இதை ஒவ்வொரு நாளும் கொண்டுவந்து எறிகிறீர்கள்? ஊரெல்லாம் மான் திரிகிறது என்று உங்களுக்குத் தெரியாதா?